பச்சையப்பன் வீட்டுப் பார்வை

வடக்குப்பட்டு ஹேமந்திடம் முதன்முதலாகப் பேசுகிறவர்கள் ஒரு முறையாவது திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள், தங்களுக்குப் பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களோ என்று. யாரும் நிற்க மாட்டார்கள். ஹேமந்த் பேசுகிற ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டான். அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிற வெறும் இடத்தைப் பார்த்து வணக்கம் சொல்லி, அதனிடமே நலம் விசாரித்து, அதைப் பார்த்தே சிரிப்பான். திமிர் பிடித்தவன் என்று சொன்னவர்கள் உண்டு. திருட்டு முழி என்று சொன்னவர்களும் உண்டு. ஆள் என்னவோ வாய்க்குள் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ரகம்.

அவன் அம்மா காஞ்சனாவுக்கு மட்டும் இந்தப் பார்வையில் ஏகப் பெருமை. ஏனென்றால் அவளுடைய அண்ணன் பச்சையப்பனும் அப்படித்தான் பார்ப்பார். குழந்தையாக இருக்கும்போதே ஹேமந்த் கிலுகிலுப்பையைத் தலை சாய்த்து ஓரமாகப் பார்ப்பானாம். "எங்க அண்ணன உரிச்சி வெச்சிகினு பொறந்துகீது பாரு" என்று தெருவில் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டுக் காட்டினாள். தாய்மாமன் ஜாடை வாய்த்த பிள்ளைக்கு வேறு என்ன குறை இருக்க முடியும்? தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்ட வீடு அது. மாமன்தான் எல்லாம்.

பச்சையப்பனின் பார்வை சாதாரணப் பார்வை இல்லை, சோறு போட்ட பார்வை. ஒரகடத்தில் கம்பெனிகள் வந்து இறங்கிய காலத்தில் அவர் நிலத் தரகுக்குப் போனார். சென்னையிலிருந்து காரில் வரும் பார்ட்டிகள் ஒரு விலையைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவரோ அவர்களுடைய தோளுக்கு அப்பால் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். இந்த ஆள் நேராகப் பார்க்க மாட்டேன் என்கிறாரே, பின்னால் வேறு பார்ட்டி இருக்கிறது போல என்று அவர்களே பயந்துகொண்டு விலையை ஏற்றுவார்கள். அப்போதும் அவர் வாயைத் திறக்க மாட்டார். உண்மையில் அந்த மனிதர், எதிரில் நிற்பவன் கிழவனா குமரனா என்று கண்டுபிடிக்கத்தான் அத்தனை பாடு பட்டுக்கொண்டிருந்தார். பத்திரத்தைக் கையில் கொடுத்தால் வாங்க மாட்டார். "நீயே படி. நீ எப்டி படிக்கறன்னு நான் பாக்கறேன்" என்பார். படிக்கிறவனுக்கு நாக்குக் குழறும். அவரைப் போல ஒரு கெட்டிக்காரத் தரகர் சுற்று வட்டாரத்திலேயே இல்லை என்று பேராகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஹேமந்துக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சர் ஒரு முறை இலவசக் கண் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே கூட்டமான கூட்டம். ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்டும் கரும்பலகை கலங்கலாகவே இருந்தது. விஷயம் மாமனிடம் போயிற்று. "கண்ணாடி போட்டா நம்ம வூட்டுப் பார்வை கெட்டுடும். எனுக்கு இன்னா கொறஞ்சி பூட்ச்சி இப்போ?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கண்ணாடி பரணுக்குப் போயிற்று.

ஹேமந்தும் அதோடு விட்டுவிட்டான். மனித முகம் என்றால் நடுவில் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்தான். நடை, குரல், சட்டை, செருப்புச் சத்தம் ஆகியவற்றை வைத்துத்தான் உலகம் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்கிறது, தான்தான் இதில் கொஞ்சம் மக்கு என்று நம்பினான். பிறந்ததிலிருந்து வேறு பார்வையே பார்த்திராதவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஐ.டி.ஐ. முடித்து, ஒரகடத்தில் காருக்கு சீட் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தான். சேரும்போது கண் பரிசோதனை நடந்தது. வரிசையில் முன்னால் நின்ற அத்தனை பேரும் அதே எழுத்துகளை உரக்கப் படித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் நிற்பவனுக்குக் கண் எதற்கு, காது போதாதா? அவனும் ஒப்பித்தான். வேலையிலும் குறை சொல்ல முடியாது. சீட்டில் தலை சாயும் பகுதியை மாட்டுவது அவன் பாடு. மாட்டினால் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான்.

தொல்லையெல்லாம் வேலைக்கு வெளியே இருந்தது. ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ் என்று நினைத்து ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டான். எல்லா பஸ்ஸும் வெள்ளையாக இருந்தால் மனுஷன் என்ன செய்வான்? கண்ணாடியில் ஒட்டியிருந்த பெயர் அவனுக்குத் தெரியாது. இறங்கி, கூட்டத்தோடு நடந்து, கேன்டீனில் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டு, இன்றைக்குப் பொங்கலில் முந்திரி எல்லாம் இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்ட பிறகுதான் அது பிஸ்கட் கம்பெனி என்று தெரிந்தது. அன்றைக்குச் சம்பளம் போயிற்று. அதற்கப்புறம் டிரைவர் பாபுவின் இருமல் சத்தம் கேட்காமல் அவன் எந்த பஸ்ஸிலும் ஏறியதில்லை.

சூப்பர்வைசர் மகாராஜா திருநெல்வேலிக்காரர். முகத்துக்கு நேரே பேசுவதைத்தான் மரியாதை என்று நினைக்கிற மனுஷன்.

"ஏல, என்கிட்ட பேசுதியா, செவுத்துகிட்ட பேசுதியா? மூஞ்சியப் பாத்துப் பேசுல" என்பார்.

"உங்களத்தான் சார் பாத்துகினு கீறேன்" என்பான் ஹேமந்த், சுவரைப் பார்த்தபடி.

இப்படி ஒரு நக்கலை மகாராஜா தன் சர்வீஸில் கண்டதில்லை. நல்ல லைன்கள் எல்லாம் வேறு பையன்களுக்குப் போயின.

இந்தச் சமயத்தில்தான் குன்றத்தூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண்ணின் பெயர் யுவஸ்ரீ. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை. அப்பா நாகப்பன் கேன் தண்ணீர் வியாபாரம் செய்கிறார். போட்டோவை ஹேமந்தின் போனுக்கு அனுப்பினார்கள். அவன் அதை இரண்டு விரலால் விரித்து விரித்து, முதலில் ஒரு கண், பிறகு மூக்கு, பிறகு உதட்டோரத்து மச்சம் என்று துண்டு துண்டாகப் பார்த்தான். துண்டு துண்டாகப் பார்த்ததே பிடித்துப் போயிற்று. முழுசாகவும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

நல்ல நாள் பார்த்து, அம்மாவும் மாமனும் அவனுமாகக் குன்றத்தூருக்குப் போனார்கள். கூடத்தின் இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டாரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்தக் கோடியில் பாயை விரித்து யுவஸ்ரீயை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அவளுடைய தங்கை தாரணி. யுவஸ்ரீக்கு மறு பக்கம் சுவரோரமாக அவள் அம்மா காந்திமதி நின்றாள்.

"பொண்ண நல்லா பாத்துக்கடா. அப்புறம் பாக்கலன்னு சொல்லக் கூடாது" என்று பச்சையப்பன் சொல்லி வைத்தார்.

ஹேமந்த் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. நன்றாகவே பார்த்தான். யுவஸ்ரீ சரியாகத் தெரிய வேண்டுமானால் கண்ணை எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பினான். மாம்பழ மஞ்சள் புடவை தெரிந்தது, பச்சை பார்டர் தெரிந்தது, குனிந்திருந்த தலை தெரிந்தது. முகம் பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷத்தில்.

அறையில் இருந்த மற்றவர்களுக்கு என்ன தெரிந்தது என்றால், மாப்பிள்ளைப் பையன் பெண்ணை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த தங்கச்சியைக் கண் கொட்டாமல் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தாரணி தாவணியை இழுத்து மூடினாள். பிறகு எழுந்து உள்ளே போய்விடலாமா என்று தவித்தாள். போதாக்குறைக்கு, பெண் எப்படி என்று தானும் பார்க்கப் புறப்பட்ட பச்சையப்பனின் பார்வை நேராகப் போய்க் காந்திமதியின் மேல் நின்றது. நின்றது நின்றதுதான். நாகப்பன் தொண்டையைக் கனைத்துப் பார்த்தார். ஃபேனை வேகமாக வைத்துப் பார்த்தார். மாமனும் மருமகனும் அசையவில்லை.

அப்புறம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். யுவஸ்ரீ காபி டம்ளரை நீட்டியபடி எடுத்த எடுப்பில் கேட்டாள், "உங்க கேன்டீன்ல ஞாயித்துக்கெழம இன்னா போடுவாங்க?"

ஹேமந்த் டம்ளருக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி டம்ளரைச் சரியாக வாங்கிக்கொண்டான். "முட்ட பிரியாணின்னு சொல்லுவாங்க. முட்டதான் இருக்கும். பிரியாணிய தேடணும்."

அவள் சிரித்தாள். அவன் பிஸ்கட் கம்பெனிப் பொங்கல் கதையைச் சொன்னான். எந்த மனுஷியும் அவனிடம் அவ்வளவு நேரம் பின்னால் திரும்பிப் பார்க்காமல் பேசியதில்லை. கீழே இறங்கும்போது அவனுக்குத் தீர்மானமாகிவிட்டது. கட்டினால் இவளைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம்.

மறுநாள் நாகப்பன் பச்சையப்பனுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டார்கள்.

"பெரியவ இருக்கச் சொல்ல சின்னவள குடுக்கற பழக்கம் எங்க வூட்ல இல்லீங்க. உங்க பையன் சின்னவள வெச்ச கண்ணு வாங்காம பாத்தாரு. அத்தோட, பெரியவரு நீங்க என் சம்சாரத்தையே பாத்துகினு இருந்தீங்க. வயசுக்கு மரியாத குடுத்து அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல."

போன் வைக்கப்பட்டது. காஞ்சனா அண்ணனைப் பார்த்தாள்.

"நானா?" என்றார் பச்சையப்பன். "நான் பொண்ணத்தான்மா பாத்தேன். அந்தம்மா எங்க இருந்திச்சின்னே எனுக்குத் தெரியாது."

மானம் போனதை மறைக்க அவர் ஒரே போடாகப் போட்டார். "அவங்க கெடக்கறாங்க வுடு. என் பொண்ணு ஸ்ரீமதி கீறா. மொறப்பொண்ணு இருக்கச் சொல்ல ஊர்ல இன்னா வேல? தை மாசம் முடிச்சிடலாம்." காஞ்சனாவுக்கு வாயெல்லாம் பல். அண்ணன் பெண் மருமகளாக வருவதென்றால் கசக்குமா? ஸ்ரீமதியிடமிருந்து ஹேமந்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "டேய், நீயா வாயத் தொறந்து வேணாம்னு சொல்லு. நான் சொன்னா எங்கப்பா சாப்பாட்ட நிறுத்திடுவாரு." மாமன் எதிரில் வாயைத் திறந்து பழக்கமில்லாத ஹேமந்த் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் யுவஸ்ரீயே கூப்பிட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லக் கூடாது. அன்னிக்கு என் தங்கச்சி இன்னா டிரஸ் போட்டுகினு இருந்தா?"

"தங்கச்சியா?" என்றான் ஹேமந்த். "உங்களுக்குத் தங்கச்சி கீதா?"

யுவஸ்ரீ அடுத்த கேள்விக்குத் தாவினாள். "நான் இன்னா கட்டிகினு இருந்தேன்?"

"மாம்பழ மஞ்சள். பச்ச பார்டர். ஒரு பக்கம் மல்லி, நடுவுல ரெண்டு கனகாம்பரம். மூஞ்சிதான் செரியா தெரியல."

"அதான் பாத்தேன். காபி டம்ளர வாங்கச் சொல்ல கூட தொட்டியதான் பாத்தீங்க. தொட்டி மேல இன்னா ஆச?" என்றாள் அவள். "நீங்க எத பாக்கறீங்களோ அது உங்களுக்குத் தெரியல. பக்கத்துல கீறதுதான் தெரியுது. நல்ல கண் டாக்டரா பாருங்க. பாத்துட்டு எனுக்குச் சொல்லுங்க. எங்கப்பாவ நான் அதுவரிக்கும் வேற எடம் பாக்க விடாம வெச்சிருக்கேன்."

ஆகக் கூடி, அந்தக் கூடத்தில் ஹேமந்தின் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாமல் இருந்த ஒரே ஆள் தாரணிதான். அவளைப் பார்த்ததற்காகத்தான் அவனுக்குப் பெண் இல்லை என்று ஆகியிருந்தது.

அம்மாவும் அவனும் சென்னைக்கு, பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாமனும் கூடவே வந்தார், கண்ணாடி கிண்ணாடி போட்டுவிடப் போகிறார்களே என்று காவலுக்கு. சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார், "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

பச்சையப்பன் ஓர் அடி முன்னால் வந்தார். "எனுக்குக் கீது. ஆனா அது வியாதி இல்ல டாக்டர். ஜாடை."

அவரையும் பிடித்து உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வரிசை கட்டி வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராக முதலில் ஹேமந்தின் கண்ணுக்குள்ளும் அப்புறம் மாமனின் கண்ணுக்குள்ளும் குனிந்து பார்த்தார்கள். தன் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு இடம் காட்டிய பச்சையப்பனுக்கு, தன்னையே இத்தனை படித்தவர்கள் வந்து பார்வையிடுவது பிடித்திருந்தது. "நிதானமா பாருங்க, அவசரம் இல்ல" என்றார்.

"ஒரே வியாதி, மாமாவுக்கு ஒரு வேஷம், மருமகனுக்கு ஒரு வேஷம்" என்றார் டாக்டரம்மா பிள்ளைகளிடம். "பையன் கண்ணுல நடுவுல மடிப்பு மடிப்பா இருக்கு. மாமாவுக்கு மடிப்பெல்லாம் போய் அந்த இடமே தேஞ்சிருக்கு. தனியா பாத்தா வயசானதால வந்ததுன்னு விட்டுடுவோம்." பிறகு இவர்கள் பக்கம் திரும்பினார். கண்ணுக்குள்ளே பின்பக்கம் விழித்திரை என்று ஒன்று இருக்கிறது, பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக, அந்த அடுக்கு இவர்களுக்கு நடுவில் பிரிந்துவிட்டது, அதனால்தான் நேரே பார்த்தால் கலங்கல், ஓரம் தெளிவு, கண்ணாடி போட்டுச் சரியாகிற சங்கதி இல்லை என்று விளக்கினார். அதன் பெயர் ரெட்டினோஸ்கைசிஸ். பச்சையப்பன் அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

"சாதாரணமா பள்ளிக்கூடத்துலயே தெரிஞ்சிடும். சில பையன்களுக்கு மாறுகண்ணுன்னு வருவாங்க, சில பேருக்குக் கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சு வருவாங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பொண்ணு பாக்கப் போனேன் டாக்டர்" என்றான் ஹேமந்த். நடந்ததைச் சொன்னான். பிள்ளைகள் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். இப்படி வந்த கேஸ் தனக்கு இதுதான் முதல் என்றார் டாக்டரம்மா, அவரும் சிரித்துவிட்டு.

"எப்டிம்மா வந்திச்சி இது?" என்று கேட்டாள் காஞ்சனா.

"இது ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு வர்றது. அம்மா வழியா வரும். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, பார்வை நல்லா இருக்கும்."

காஞ்சனா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் ஜாடை, அண்ணன் ஜாடை என்று தெருத்தெருவாகக் காட்டிய வாய் அது. அழுகையை அவளால் அடக்க முடியவில்லை. உங்கள் தப்பு எதுவும் இல்லை, தலைமுடி சுருட்டையாக வருவது மாதிரிதான் இதுவும் என்று டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டுச் சொன்னார். தங்கை அழுவது பச்சையப்பனுக்கும் பொறுக்கவில்லை. பேச்சை மாற்றுவதாக நினைத்து, "அதனால ஒண்ணும் இல்ல டாக்டர், என் பொண்ணையே இவனுக்குக் கட்டப் போறோம்" என்றார்.

டாக்டரம்மாவின் சிரிப்பு போயிற்று. "அது மட்டும் செய்யாதீங்க. உங்க பொண்ணுகிட்ட இது உள்ள இருக்கும், உங்ககிட்டருந்து போயிருக்கும். அவங்க பார்வைக்கு எதுவும் ஆகாது. ஆனா ரெண்டும் சேர்ந்தா அதுங்களுக்குப் பொறக்கற பொண்ணுக்குக் கூட வரலாம்."

"ஸ்ரீமதிக்குள்ளயுமா?" என்றார் பச்சையப்பன். திரும்பும்போது, பஸ் பூந்தமல்லியைத் தாண்டியதும் தங்கையிடம் கேட்டார். "காஞ்சனா, எனுக்கு இத்தினி வயசாச்சி. ஒரு மனுசன் மூஞ்சியக் கூட நான் செரியா பாத்தது இல்லியாம்மா?" அவள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அந்த வீட்டுத் தெம்பு அவ்வளவு சீக்கிரம் வற்றிவிடாது. வீடு வந்து சேர்வதற்குள் மாமன் பழைய மாமன் ஆகிவிட்டார். "வெளிய மூச்சு வுடக் கூடாது. கண்ணுல கோளாறுன்னா எவன் பொண்ணு குடுப்பான்? ஜாடைன்னே சொல்லு."

"ஜாடைன்னு சொல்லித்தான மாமா பொண்ணு பூட்ச்சி" என்றான் ஹேமந்த். மாமனை எதிர்த்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

முதலில் சூப்பர்வைசர் மகாராஜாவிடம் சொல்லிப் பார்த்தான், குன்றத்தூருக்கு ஒத்திகை மாதிரி. அவர் முழுதும் கேட்டார். மோவாயைத் தடவினார். "அப்ப இத்தன நாளும் என்னயத்தாம் பாத்தியால?" என்றார். குரல் உள்ளே போய்விட்டது. அன்றைக்கு டீயை அவரே வாங்கிக் கொடுத்து, அவன் கையிலேயே வைத்தார். லைனில் கண்ணுக்கு ஆபத்தில்லாத இடமாகப் பார்த்துத் தருகிறேன் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குன்றத்தூருக்குத் தனியாகப் புறப்பட்டான். நானும் வருகிறேன் என்று மாமன் சட்டையை மாட்டினார். "நீ வராத மாமா. நீ வந்தா அந்தம்மாவத்தான் பாப்ப" என்று சொல்லி நிறுத்திவிட்டான்.

நாகப்பன் தண்ணீர்க் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் தாரணியை உள்ளே போகச் சொன்னார். ஹேமந்த் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். படத்தையும் காட்டினான். பரோட்டாவையும் விடவில்லை. எதையும் குறைக்கவில்லை. நாகப்பன் கையில் பிடித்த கேனோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ குருடா ஆயிடுவியா தம்பி?" என்று நேராகவே கேட்டார்.

"தெரியாது சார். ரொம்ப நாளைக்கு இப்டியேதான் இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. அடி படக் கூடாது. திடீர்னு கறுப்பா மறச்சா ஒடனே ஓடி வரணும்னு சொன்னாங்க. செரி பண்ண இன்னும் மருந்து இல்ல."

"புள்ளைங்களுக்கு?"

"பையன் பொறந்தா வராது. பொண்ணு பொறந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குப் பொறக்கற பையனுக்கு வரலாம்." டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்ளாமலே வந்திருக்கலாம் என்று நினைத்தான். ஆனால் சொல்லாமல் யுவஸ்ரீயைக் கட்டிக்கொண்டு போக அவனுக்கு மனசு இல்லை.

நாகப்பன் கேனைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். பெண்ணைப் பெற்றவர் யோசிக்காமல் என்ன செய்வார்? உள்ளேயிருந்து காந்திமதி வந்தாள். அவளுக்கு வேறு ஒரு விஷயம் தெளிய வேண்டியிருந்தது.

"அப்போ அன்னிக்கு உங்க மாமா என்னியப் பாக்கலியா?"

"இல்லீங்க. அவரு கண்ணுக்கு நீங்க தெரிஞ்சே இருக்க மாட்டீங்க."

"ஓ" என்றாள் காந்திமதி. அவள் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று.

யுவஸ்ரீ கதவோரமாக நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "யப்பா, பேரன் பேத்திக்குப் புள்ள பொறக்கறது வரிக்கும் யோசிச்சிகினு கீற. நாளைக்கு என் ஷிப்ட்டுக்கு பஸ் வருமான்னே நமக்குத் தெரியல. அதெல்லாம் வரச் சொல்ல நானும் டாக்டர கேட்டுக்கறேன்."

"உன் வாழ்க்கடி இது. யாரு பாத்துக்கறது நாளைக்கு?"

"நல்லா கண்ணு தெரிஞ்ச மாப்ளைங்க ரெண்டு பேரு வந்துட்டுப் போனாங்களே, அவங்க கிட்டயும் இதக் கேட்டியா? ஒருத்தன் நம்ம வூட்டப் பாத்தான். ஒருத்தன் உன் வண்டியப் பாத்தான். இவரு ஒருத்தர்தான் என்னியப் பாக்கணும்னு அத்தினி நேரம் கஷ்டப்பட்டாரு." சொல்லிக்கொண்டே அவள் கூடத்திலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்து வந்தாள். முழங்கால் இடிக்கிற அளவுக்குக் கிட்டக்கிட்டப் போட்டாள். "அன்னிக்கு அந்தாண்ட கோடில குந்த வெச்சாங்க. அவ்ளோ தூரத்துல யாரு தெரிவாங்க? குந்துங்க. பாருங்க."

கல்யாணம் ஆகாத பெண்ணும் பையனும் வாசலில் அப்படி உட்காருவதா என்று நாகப்பன் பதறி எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார், காவலுக்கு. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவள் போகாமல் நின்றாள்.

ஹேமந்த் உட்கார்ந்தான். கண்ணை எப்படித் திருப்ப வேண்டுமோ அப்படித் திருப்பினான். அந்தக் கண் நேராகப் போய் நாகப்பனின் மேல் நின்றது. நாகப்பனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. லுங்கியைச் சரிசெய்தார், தலையைக் கோதிக்கொண்டார், ஒரு தரம் சிரித்தும் பார்த்தார்.

அவனுக்கோ அவர் அங்கே இருப்பதே தெரியாது. இத்தனை கிட்டத்தில், நல்ல வெயிலில், ஓரமாக, யுவஸ்ரீயின் முகம் வந்துகொண்டிருந்தது. போனில் பார்த்த துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. நெற்றியில் ஒரு பழைய தழும்பு, போட்டோவில் அழித்துவிட்டிருந்தார்கள். ஒரு புருவம் இன்னொன்றைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. கீழுதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். ஒரு முகத்தில் இத்தனை இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லியதில்லை. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. அவசரமாகத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

நாகப்பனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"என்னியப் பாத்தது போதும் மாப்ள" என்றார். "பொண்ணு புடிச்சிகீதா, இல்லியா? அதச் சொல்லுங்க."

"இருங்க மாமா" என்றான் ஹேமந்த். "இன்னும் பாத்து முடிக்கல."